படிக்காமல் சொன்ன சொல்

கோர்ட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் நீதிபதிக்கென்று தனிக் கதவு உண்டு. ஜனவரி மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை காலை அது திறக்கவில்லை. முந்தின மத்தியானம் கூரையிலிருந்து உருகி ஒழுகிய தண்ணீர், ராத்திரிக் குளிரில் கதவையும் படியையும் ஒன்றாக உறைய வைத்திருந்தது. கோரின் ரைசிக் தோளால் இரண்டு தடவை இடித்தாள். பிறகு பூட்ஸ் காலால் உதைத்தாள். மேற்குக் காற்று சர்க்கரை ஆலையின் வாடையைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. சர்க்கரைக்காக அவித்த பீட் கிழங்கும் ஈரமண்ணும் கலந்த வாடை. அக்டோபரில் கிழங்கு அறுவடை தொடங்கினால் பிப்ரவரி முடியும்வரை ஊர் அதைத்தான் மூச்சாக இழுக்கும்.

எதிரே வங்கியின் ஜன்னலில் யாரோ நின்று பார்ப்பது தெரிந்தது. ஐம்பது வயதுப் பெண், கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் நீதிபதி, சொந்தக் கோர்ட்டின் கதவை உதைத்துக்கொண்டிருக்கிறாள். நிறுத்திவிட்டு முன்பக்கமாகச் சுற்றி நடந்தாள்.

முன்வாசலில் நுழைந்தால் நீளமான நடைவழி. இடப்பக்கம் கிளார்க் அலுவலகம், வலப்பக்கம் கோர்ட் ஹால், சுவரோரமாக இரண்டு பெஞ்சுகள். வியாழக்கிழமைகளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகள். கோர்ட் ஒன்பது மணிக்கு. ஆனால் எட்டரைக்கே வீட்டுக்காரர்களின் வக்கீல்கள் கையில் டைப் அடித்த காகிதங்களோடு வந்துவிடுவார்கள். "இதுல ஒரு கையெழுத்து போட்டுட்டா உள்ள வரவே வேண்டாம், கெளம்பிடலாம்" என்பார்கள். குடியிருப்பவர்களுக்கு வேலைக்குப் போக நேரமாகியிருக்கும். குழந்தையை யாரிடமாவது விட்டு வந்திருப்பார்கள். போட்டுவிடுவார்கள். ஊர் கோர்ட்டில் நடப்பதாக நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, அந்த அரை மணி நேரத்தில் நடைவழியிலேயே முடிந்துவிடும்.

கோரினுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமில்லை. இலவச சட்ட உதவி அலுவலகத்தின் வக்கீலாக இருபத்துமூன்று வருடம் அந்த நடைவழியில் நின்றவள். சட்டம் படித்து முடித்த கையோடு, இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போவது என்று மாநிலத்தின் கிழக்குக் கோடியிலிருந்து இங்கே வந்தாள். முதல் வழக்கிலேயே எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நின்ற வெர்ன் ரைசிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருந்துவிட்டாள். செருப்புக்கடை மாடியில் ஒற்றை அறை அலுவலகம். வியாழக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நடைவழிக்கு வந்துவிடுவாள். யார் கையில் பேனா தெரிந்தாலும் பக்கத்தில் போய், "கையெழுத்து போடாதீங்க" என்பாள். பிறகு காகிதத்தை வாங்கிப் படிப்பாள். பிறகு அவர்களோடு உள்ளே போய் நிற்பாள். இந்த மூன்றும்தான் அவள் வேலை. இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது என்பதை அவளே சொல்வாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் பழைய நீதிபதி ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு விண்ணப்பித்தாள். ஏன் என்று வெர்ன் கேட்டதற்கு, "மேல உக்காந்து பாத்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள். தேர்வுக் குழுவில் பாய்ட் டோலஃப்சன் இருந்தார். கவுண்டியில் பாதி வீட்டுக்காரர்களுக்கு வக்கீல் அவர்தான். இருபது வருடமாக அவளோடு மல்லுக்கு நின்றவர். எல்லாரும் ஆச்சரியப்படும்படி அவர் அவளுக்கு ஆதரவாக வாக்களித்தார். அவளை நடைவழியிலிருந்து கிளப்ப அவருக்கு வேறு வழி கிடைக்கவில்லை என்று கிளார்க் ஜோலீன் பிராக் சொல்லிச் சிரித்தாள். அது வேடிக்கைக்குச் சொன்னதுதானா என்று கோரினுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

நீதிபதியாகிப் பதினாலு மாதமாகிவிட்டது. பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரு புது ஊருக்கு வந்தவளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்து பார்த்தால் வக்கீல்களின் வழுக்கைதான் முதலில் தெரிகிறது. கோரி என்று கூப்பிட்டவர்கள் அவள் நுழைந்ததும் எழுந்து நிற்கிறார்கள். தேவாலயத்தின் கோஸ் அடைத்த ரொட்டி விருந்துக்குப் போனால் மேசையில் இரண்டு பேராவது அடுத்த வாரம் அவள் முன்னால் நிற்கப்போகிறவர்கள். மளிகைக் கடையில் யாராவது, "கோரி, எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கு" என்று ஆரம்பித்தால், தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வெங்காயப் பக்கம் ஓட வேண்டியிருக்கிறது. செருப்புக்கடை மாடி பூட்டியே கிடக்கிறது. அவள் இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்றார்கள், எடுக்கவில்லை. சட்ட உதவி வேண்டுமென்றால் நூற்றெண்பது மைல் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கு போன் செய்ய வேண்டும். அங்கே ஒரு பதிவுக் குரல்தான் பேசும்.

அன்று நடைவழியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டோலஃப்சன் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். முதல் பெஞ்சில் டெல்ஃபினா சமரிபா தனியாக உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை ஆலையில் இரவு முறை முடித்து நேராக வந்திருக்கிறாள். முழங்கால்வரை சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ், மடியில் கையுறை, தூங்காத கண்கள். முழங்காலில் ஒரு காகிதம். கையில் பேனா. பேனா முனை காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய வழக்குக் கட்டை முந்தின நாள் மாலை கோரின் படித்திருந்தாள். சக்கரம் வைத்து இழுத்துவரும் டிரெய்லர் வீடு டெல்ஃபினாவுடையது. அது நிற்கும் மனைதான் டிரெய்லர் காலனியின் சொந்தக்காரருடையது. ஜெயிலிலிருந்து வந்த தம்பி ரோசெண்டோ, நவம்பரிலிருந்து கூடத்து சோஃபாவில் படுத்துக்கொள்கிறான். பெயர் கொடுக்காத ஆளைத் தங்க வைத்தது காலனி விதிக்கு விரோதம், ஆகவே மனையைக் காலி செய். இதுதான் வழக்கு. ஆனால் நோட்டீஸில் சட்டம் கேட்கும் நாட்களைவிட ஐந்து நாள் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்தபோதே கோரினுக்குக் கை துறுதுறுத்தது.

இப்போது பேனா. அவ்வளவுதான். கோரினின் கால்கள் நிற்கக்கூட இல்லை. அந்தப் பெஞ்சைக் கடக்கும்போது குனிந்து, இருபத்துமூன்று வருடம் சொன்ன அதே தணிந்த குரலில் சொன்னாள்:

"கையெழுத்து போடாதீங்க."

டெல்ஃபினா நிமிர்ந்தாள். பேனாவை மூடினாள். அவள் முகத்தில் ஒரு ஆசுவாசம் பரவியதைக் கோரின் கடைக்கண்ணால் பார்த்தாள். பத்தடி நடந்து தன் அறைக் கதவின் பிடியைத் தொட்டபோதுதான் தான் யார் என்பது நினைவுக்கு வந்தது.

ஜோலீன் கிளார்க் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அறுபத்தொரு வயது, இருபத்தேழு வருட சர்வீஸ். பின்னாலேயே வந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"என்ன சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"உதட்டைப் பாத்தாலே தெரியும். அந்த வாக்கியத்த நான் ஆயிரம் தடவை பாத்திருக்கேன்."

கோரின் மேல்கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். "டோலஃப்சனுக்குக் கேட்டுச்சா?"

"அந்தாளு போன்ல கத்திக்கிட்டிருந்தாரு. வேற யாருக்கும் கேக்கல. எனக்கும் அவளுக்கும்தான்." ஜோலீன் கையில் வைத்திருந்த டப்பாவை மேசையில் வைத்தாள். கோஸும் கறியும் அடைத்த ரொட்டி. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு அவள் கொண்டுவருவது. "எனக்குக் காது மந்தம்னு வேணா வச்சுக்கலாம். டாக்டர் சீட்டுகூட இருக்கு."

"நோட்டீஸ் செல்லாது ஜோலீன். அஞ்சு நாள் கம்மி. அவ கையெழுத்து போடலைன்னா நான் கேஸைத் தள்ளுபடி பண்ணிடலாம். சட்டப்படி. யாரும் கேள்வி கேக்க முடியாது."

"சரி. தள்ளுங்க. அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"அப்புறம் டோலஃப்சன் இன்னைக்கு சாயங்காலமே புது நோட்டீஸ் குடுப்பாரு, சரியான நாளோட. பிப்ரவரி பாதியில திரும்ப இங்க நிப்பா. அப்போ எதைச் சொல்லித் தள்ளுவீங்க?" ஜோலீன் கக்கத்திலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "அவ மடியில இருக்குற காகிதத்தோட நகல். அந்தாளு எட்டரைக்கே கவுண்டர்ல குடுத்துட்டாரு. கையெழுத்தானா பதிவு பண்ணணும்னு. நீங்க படிச்சீங்களா?"

"எங்க படிச்சேன்?"

"அதத்தான் கேக்குறேன்."

கோரின் படித்தாள். ஒரே பக்கம். ரோசெண்டோ ஒரு வாரத்தில் வெளியேற வேண்டும். டெல்ஃபினாவும் தகப்பனார் யூசெபியோவும் மார்ச் முப்பத்தொன்றுவரை இருக்கலாம். வழக்கு அவள் பெயரில் தீர்ப்பாகப் பதிவாகாது. அடுத்த இடம் தேடும்போது யாரும் இதைத் தோண்டி எடுக்க முடியாது. கீழே: இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிவரை மட்டுமே இந்த உடன்பாடு.

இரண்டாவது தடவை படித்தாள். டோலஃப்சன் கொண்டுவரும் காகிதங்களில் இப்படி ஒன்றை இருபது வருடத்தில் அவள் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பாள். வக்கீலாக இருந்திருந்தால், படித்து முடித்ததும், "போடுங்க, அவரு மனசு மாறுறதுக்குள்ள போடுங்க" என்றிருப்பாள்.

ஜனவரியில் தரை மூன்றடி ஆழத்துக்கு உறைந்து கிடக்கிறது. டெல்ஃபினாவின் டிரெய்லர் எழுபத்தொன்பதாம் வருடத்துப் பெட்டி. சக்கரங்கள் என்றோ மண்ணில் புதைந்துவிட்டன. இப்போது தீர்ப்பாகிப் பத்து நாளில் காலி செய் என்றால் அதைப் பெயர்க்க எவனும் வரமாட்டான். வீட்டை அப்படியே விட்டுவிட்டு, ஆக்ஸிஜன் குழாயோடு கிழவர் யூசெபியோவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

"அவ இப்ப போடமாட்டா" என்றாள் கோரின்.

"போடமாட்டா. போப்பாண்டவரே வந்து சொன்னாலும் போடமாட்டா. மிஸ் கோரி சொல்லிட்டாங்கல்ல."

"நான் போய்..."

"நீங்க போய்?"

கோரின் வாயை மூடிக்கொண்டாள். போடாதே என்று சொன்னது குற்றம். போடு என்று சொல்வது அதே குற்றம் இரண்டாவது தடவை.

"நான் போய்ச் சொல்லவா?" ஜோலீன் குரலைத் தாழ்த்தினாள். "சட்ட ஆலோசனை தரப்படாதுன்னு போர்டு மாட்டி, அதுக்குக் கீழ இருபத்தேழு வருஷம் உக்காந்திருக்கேன். ஒரு தடவை மீறினா வானமா இடிஞ்சுடும்?"

"வேண்டாம். நீ சொன்னாலும் அது நான் சொன்னதுதான்."

"அப்போ என்ன செய்யப்போறீங்க?"

கோரின் கோட்டைக் கழற்றினாள். கறுப்பு அங்கியை மாட்டினாள். ஜிப்பு பாதியில் சிக்கியது, எப்போதும் சிக்கும். "மத்த நீதிபதிங்க தப்பு பண்ணினா என்ன செய்வாங்கன்னு எனக்கு எப்பவுமே தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. மத்தியானம் சாப்பிடப் போவாங்க. ஏழு பேர்கிட்ட வேலை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஒன்பது மணிக்கு எல்லாரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். ஹீட்டர் குழாய்கள் டொக்டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தன. ஜோலீன் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுத் தலையசைத்தாள். முதல் வழக்கே அதுதான். டோலஃப்சன் ஒரு மேசையில். டெல்ஃபினா இன்னொன்றில், பேனாவையும் காகிதத்தையும் தள்ளி வைத்துவிட்டு, நிமிர்ந்து, தெம்பாக.

"மிஸ்டர் டோலஃப்சன், மிஸ் சமரிபா" என்று ஆரம்பித்தாள் கோரின். "இந்த வழக்கை நான் விசாரிக்க முடியாது. பக்கத்து கவுண்டி நீதிபதி ஹேவர்லாக் விசாரிப்பாரு. ஏன்னு சொல்லியாகணும். சொல்றேன்."

டோலஃப்சன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னைக்குக் காலைல எட்டே முக்கால் மணிக்கு நான் முன்பக்க நடைவழியா வந்தேன். மிஸ் சமரிபா பெஞ்சுல உக்காந்து ஒரு காகிதத்துல கையெழுத்து போடப் போனாங்க. நான் அவங்ககிட்ட, கையெழுத்து போடாதீங்கன்னு சொன்னேன்."

"நீங்களா?" என்றார் டோலஃப்சன். "நீதிபதியா இருந்துகிட்டா?"

"நான்தான்."

"என் முதுகுக்குப் பின்னாலயா?"

"உங்க முதுகுக்குப் பின்னாலதான். சரியா நாப்பதடி இருக்கும். எழுதிக்கோங்க."

"ஜட்ஜ், இதுக்கு நான் ஆட்சேபம் சொல்லியாகணும்."

"இருங்க, இன்னும் முடியல." கோரின் டெல்ஃபினாவைப் பார்க்காமல் ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசினாள். "தப்பு முழுசா பதிவாகணும். நான் அதைச் சொன்னப்போ அந்தக் காகிதத்தை நான் படிக்கல. அதுல என்ன இருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது. நல்லதா கெட்டதான்னு தெரியாம சொன்னேன். பழைய வேலையோட பழக்கம். அந்தப் பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது."

"ஜட்ஜ்." டோலஃப்சன் எழுந்து நின்றார். "இது விளக்கமா, ஆலோசனையா?"

"தப்பு எவ்வளவு பெரிசுன்னு அளந்து சொல்றேன் மிஸ்டர் டோலஃப்சன். சின்னதாக்கிச் சொன்னா அது இன்னொரு தப்பு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

டெல்ஃபினாவின் முகத்தில் இருந்த தெம்பு மெல்ல வடிந்தது. "மிஸ் கோரி" என்றாள். பிறகு திருத்தி, "ஜட்ஜ். எனக்குப் புரியல. நீங்க போடாதேன்னீங்க. நான் போடல. இப்ப கேஸையும் பாக்க மாட்டேங்கிறீங்க."

"ஆமா."

"அப்போ நான் போடணுமா, வேண்டாமா?"

"அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"இன்னைக்கா, எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"எங்கம்மாவுக்குச் சொன்னீங்களே. இதே எடத்துல. எனக்கு அப்ப பதினேழு வயசு. அம்மா போடல. அந்த வீடு நின்னுச்சு. அம்மா சாகறவரைக்கும் அதுலதான் இருந்தாங்க."

கோரினுக்கு அந்த அம்மாவை நினைவிருந்தது. தலைக்கயிறு மாட்டிய குதிரை போலக் கோர்ட்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த பெண். "அன்னைக்கு நான் காகிதத்தை வாங்கிப் படிச்சேன்" என்றாள். "மூணு தடவை. அப்புறம் உங்கம்மா பக்கத்துல வந்து நின்னேன். இன்னைக்கு சொன்னப்போ ரெண்டுமே நான் செய்யல. செய்யவும் முடியாது. இதுவும் பதிவுல இருக்கட்டும்."

டெல்ஃபினாவுக்குக் கோபமா, யோசனையா என்று கோரினால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலை முடிந்த களைப்பில் அந்த முகம் சேறு காய்ந்த மாதிரி இறுகியிருந்தது. பிறகு அவள் மேசையில் தள்ளி வைத்த காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு டோலஃப்சனிடம் திரும்பினாள்.

"மிஸ்டர், வெளிய வாங்க. ஒவ்வொரு வரியா படிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரம் இல்ல. ஷிப்ட் முடிஞ்சு போச்சு."

"எனக்கு இன்னும் நாலு கேஸ் இருக்கும்மா."

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

இருவரும் வெளியே போனார்கள். அடுத்த வழக்கு நாய் வளர்த்ததைப் பற்றியது. டோலஃப்சனின் உதவி வக்கீல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நாய்க்காரர் நாயின் போட்டோவைக் காட்டினார். ஹால் கதவில் ஒரு அடி நீளக் கண்ணாடி உண்டு. அதில் டெல்ஃபினாவின் தோளும், சுவரில் காகிதத்தை வைத்து அழுத்தியிருந்த டோலஃப்சனின் கையும் தெரிந்தன. டெல்ஃபினா எதையோ விரலால் குத்திக் காட்டினாள். டோலஃப்சன் தலையை ஆட்டினார், இல்லை என்பது போல. அவள் மறுபடி குத்தினாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். எதற்கு இந்த ஆள் காலைப் பார்க்கிறார் என்று கோரினின் கழுத்து தானாக நீண்டது.

ஜோலீன் எழுந்தாள். நேராகப் போய்க் கதவுக் கண்ணாடியின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டாள். அகலமான முதுகு.

"நாய் எத்தனை கிலோ?" என்று கேட்டாள் கோரின், நாய்க்காரரிடம்.

பதினொன்றே முக்காலுக்கு எல்லா வழக்கும் முடிந்தது. அறைக்குள் வந்ததும் கோரின், "என்ன ஆச்சு?" என்றாள்.

"எதுல?" என்றாள் ஜோலீன்.

"விளையாடாதே. போட்டாளா?"

"அந்த வழக்குல நீங்க இல்ல, ஜட்ஜம்மா. நீங்களேதானே ஒலிவாங்கியில சொன்னீங்க. கேக்கணுமா? திருப்பிப் போட்டுக் காட்டறேன்."

"பொதுப் பதிவுதானே. ஊர்ல எவன் வேணா வந்து பாக்கலாம்."

"பாக்கலாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து, வரிசையில நின்னு, சீட்டு எழுதிக் கொடுத்துட்டுப் பாருங்க. நாளைக்கு ஊரே அதையும் பேசட்டும்." ஜோலீன் ரொட்டி டப்பாவைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. ஆறிப்போச்சு."

மத்தியானம் சாலைப் பராமரிப்புக் கொட்டகையில் வெர்னைப் பார்க்கப் போனாள். அவன் கவுண்டியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். வியாழனன்று அங்கே பெரிய சட்டியில் காரமான பீன்ஸ் கறிக்குழம்பும் பட்டைத்தூள் சுருள் ரொட்டியும் இருக்கும். ஏற்கெனவே ரொட்டி தின்றிருந்தும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, லாரியின் சூடான என்ஜின் பக்கமாக நின்று நடந்ததைச் சொன்னாள். வெர்ன் சுருள் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றபடி கேட்டான்.

"யாருக்கும் கேக்கலைன்னு சொல்றே. அப்படித்தானே?"

"ஆமா."

"சும்மா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நான் கேஸைத் தள்ளியிருப்பேன். அவ சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பா. மார்ச்சுல வீடில்லாம நின்னிருப்பா."

"இப்ப?"

"தெரியாது. அதான் என்னைத் தின்னுது. தெரியாதுங்கிறதுதான்."

"நீ வக்கீலா இருந்தப்பவும் தோத்திருக்கியே."

"தோத்தா தெரியும்ல. அவங்களோட உக்காந்து அழுதுட்டு வருவேன். இது என்ன எழவுன்னே புரியல. மேல ஒரு ஆள உக்கார வச்சு, எல்லாத்தையும் பாரு, ஆனா எதையும் கேக்காதேங்கிறாங்க."

வெர்ன் கிண்ணத்தை வழித்தான். "டோலஃப்சன் ஏன் தன் காலைப் பாத்தாரு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

அன்று சாயங்காலமே நீதிபதிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் மாநிலக் குழுவுக்குத் தன்னைப் பற்றித் தானே இரண்டு பக்கம் எழுதினாள். எழுதும்போது ஒரு தரம் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து எழுதிப் பார்த்தாள், பழைய பழக்கம். கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். குழு மூன்று வாரத்தில் பகிரங்கமாகக் கண்டித்து ஒரு கடிதம் அனுப்பியது. ஊர் வாரப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில், சர்க்கரை ஆலையின் கிழங்குக் குவியல் படத்துக்குக் கீழே போட்டது. ஜோலீன் பத்திரிகையை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நவம்பர்ல ஊர்ல எல்லாருக்கும் ஓட்டுச் சீட்டு வரும். நீதிபதி கோரின் ரைசிக் பதவியில நீடிக்கலாமா, ஆமா, இல்லை. எதுத்து நிக்க ஆள் கிடையாது. சும்மாவே ஜெயிச்சுடுவீங்க. இதுக்கப்புறமும் ஜெயிப்பீங்க. ஆனா கொஞ்சம் பல்லைக் காட்டிச் சிரிச்சுப் பழகுங்க."

டிரெய்லர் காலனி வழியாகப் போகும் சாலையை அவள் தவிர்த்தாள். ஒரு நாள் தவிர்க்கவில்லை. வெளிச்சம் எரிந்தது. வாசலில் ஆக்ஸிஜன் கம்பெனி வண்டி நின்றது. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? இன்னும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. எதுவரை என்பது தெரியவில்லை. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டாள். அன்று முழுக்கத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில், கிழங்கு ஆலை அந்த வருடத்து அரவையை முடித்து வாடை கொஞ்சம் குறைந்த ஒரு சனிக்கிழமை, மளிகைக் கடையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபினா தள்ளுவண்டியோடு திரும்பியதும் கால்கள் தானாக வெங்காயப் பக்கம் நகர்ந்தன.

"ஓடாதீங்க ஜட்ஜ்" என்றாள் டெல்ஃபினா, கடையில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி. "என் கேஸ் முடிஞ்சுபோச்சு. இனிமே என்கூடப் பேசினா பாவமா?"

கோரின் நின்றாள். யோசித்துப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்றால், பாவமில்லை.

"எப்படி முடிஞ்சுது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"ஜோலீன் சொல்லமாட்டேன்னுட்டா."

டெல்ஃபினா வாய்விட்டுச் சிரித்தாள். தூங்கி எழுந்த முகத்தில் அவளைக் கோரின் இப்போதுதான் பார்க்கிறாள். "அந்தாளு ஒவ்வொரு வரியா படிச்சாரு. மார்ச் முப்பத்தொண்ணுன்னு வந்துச்சு. நான் கேட்டேன், மிஸ்டர், மார்ச்சுல பனி உருகி எங்க தெரு முழுக்கக் களிமண் சேறு. முட்டி வரைக்கும் எறங்கும். அந்தக் களியில வீட்டை இழுக்கற லாரி எப்படி வரும், உங்க பூட்ஸே வருமான்னேன். குனிஞ்சு பூட்ஸைப் பாத்தாரு. அவரும் கிழங்குக் காட்டுல வளர்ந்தவர்தானே. மே முப்பத்தொண்ணுன்னு நானே அடிச்சு எழுதினேன். மொதலாளிகிட்ட போன் போட்டுக் கத்திட்டு, கீழ அவரும் கையெழுத்து போட்டாரு."

மே. கோரினுக்கு அது தோன்றியிருக்காது. நோட்டீஸ், ஐந்து நாள், தள்ளுபடி என்றுதான் அவள் மூளை ஓடியிருக்கும். "வீட்டை எங்க கொண்டுபோறீங்க?"

"வாய்க்கால்கிட்ட பெரியப்பா பையன் ஒரு துண்டு நிலம் தர்றான். அப்பாவுக்குக் காத்து நல்லாருக்கும்."

"தம்பி?"

டெல்ஃபினா வண்டியில் இருந்த மாவுப் பையைச் சரிசெய்தாள். "அந்த வரிய அடிக்க விடல அந்தாளு. ரோசெண்டோ அன்னைக்கே போயிட்டான். வயோமிங் மாநிலத்துல ஒரு மாட்டுப்பட்டியில இருக்கான்னு சொன்னாங்க. போன் எடுக்கறதில்ல. அப்பா தெனம் கேக்குறாரு."

ஒரு வக்கீல் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த வரியும் போயிருக்குமோ என்னவோ. போயிருக்கலாம்.

"ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட" என்றாள் டெல்ஃபினா. "முதுகுக்குப் பின்னால சொல்றது எனக்குப் பழக்கமில்ல. நவம்பர்ல சீட்டு வருதாமே. நான் உங்களுக்கு இல்லைன்னுதான் போடப்போறேன்."

"கோவமா?"

"சேச்சே. கோர்ட்டுல எல்லார் முன்னாலயும் என் தப்புன்னு சொன்னீங்களே, அந்த மாதிரி மேல உக்காந்தவங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்கப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன். நீங்க நல்ல ஜட்ஜுதான். ஆனா எங்களுக்கு எதுக்கு நல்ல ஜட்ஜு? அந்த நடையில இப்ப டோலஃப்சன் மட்டும் நிக்கிறாரு. பேனாவும் அவரே குடுக்கறாரு. செருப்புக்கடை மாடியில கதவு பூட்டியிருக்கு. உங்கள அங்கிருந்து எறக்கினாத்தானே திரும்ப வருவீங்க?"

"அப்படி எல்லாம் வந்துட முடியாது டெல்ஃபினா. அந்த வேலையே இப்ப இல்ல."

"நீங்க வந்தா வேலை வரும். எங்க தெருவுல ஓட்டு போடுறவங்க பதினேழு பேர். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆலையில எங்க ஷிப்ட்டுலயும் சொல்லிட்டிருக்கேன்." அவள் வண்டியைத் திருப்பினாள். "தப்பா எடுத்துக்காதீங்க, மிஸ் கோரி. முட்டை பாத்து எடுங்க, அந்த அட்டையில ரெண்டு ஒடஞ்சிருக்கு."

உடைந்துதான் இருந்தது. கோரின் வேறு அட்டை எடுத்தாள். டெல்ஃபினா சொன்னதற்கு மறுப்பாக ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். நல்ல நீதிபதி எத்தனை பேருக்கு உதவ முடியும் என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்வுக் குழுவிடம் சொல்லியிருக்கிறாள். மாவும் பீன்ஸும் ஏற்றிய அந்த வண்டியின் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லும் அளவுக்கு அதில் சத்து இருக்கிறதா என்று தெரியவில்லை.

பணம் கட்டும் வரிசையில் நின்றபோதுதான் இன்னொன்று தோன்றியது. அவளும் இந்த கவுண்டியின் வாக்காளர்தான். நவம்பரில் ஓட்டுச்சாவடியாகிற தீயணைப்பு நிலையத்துக்குப் போய் வெர்னுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் அதே சீட்டை அவள் கையிலும் கொடுப்பார்கள். அதில் அவள் பெயர் இருக்கும். ஆமா ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். தடுப்புக்குள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அங்கே தன் கை எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று யோசித்துப் பார்த்தாள். உடனே தெரிந்துவிடும் என்று நினைத்தாள். வரிசை நகர்ந்தது; முன்னால் நின்றவர் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்; கடைப்பெண் இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்போதும் தெரியவில்லை.